எலன் டெரியின் கடிதங்களும் நாடக நிரல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலன் டெரியைப் பற்றிப் பேச்செடுத்தாலே சில கேள்விகள் தவறாமல் வந்துவிடும். மேடை வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள், பழைய நாடக நிரல் (யார் எந்தப் பாத்திரம் என்று அச்சடித்து அரங்கில் தரும் தாள்) ஒன்று எப்படியோ கைக்கு வந்து சேர்ந்தவர்கள், நாடகாசிரியர் பெர்னார்ட் ஷாவைப் படித்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பியவர்கள் என்று பலரும் கேட்பவை இவை. சிலவற்றுக்கு நாலு வரி போதும், சிலவற்றை விரித்துச் சொன்னால்தான் புரியும்.

முதலில், எலன் டெரி யார்?

விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் பேரும் புகழுமாக வாழ்ந்த மேடை நடிகை. 1847 பிப்ரவரி 27 அன்று கோவன்ட்ரியில் பிறந்தார். அப்பா, அம்மா இருவருமே ஊர் ஊராகப் போய் நடித்தவர்கள். 1856 ஏப்ரல் 28 அன்று, 9 வயதில், லண்டன் பிரின்சஸ் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ‘தி வின்டர்ஸ் டேல்’ நாடகத்தில் மாமிலியஸ் என்ற சிறுவனாக மேடையேறினார். அன்று மகாராணியே வந்து உட்கார்ந்திருந்தார். குழந்தை இழுத்துவந்த பொம்மை வண்டி தடுக்கி மேடையிலேயே விழுந்துவிட்டதாகப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

16 வயதில், தன்னைவிட 30 வயது மூத்த ஓவியர் ஜி. எஃப். வாட்ஸை மணந்தார்; ஒரு வருடம்கூட அது நிலைக்கவில்லை. அப்புறம் கட்டடக் கலைஞர் எட்வர்ட் வில்லியம் காட்வினோடு, திருமணம் செய்துகொள்ளாமல், நாட்டுப்புறத்தில் போய் வாழ்ந்தார். எடித், எட்வர்ட் கோர்டன் கிரெய்க் என்று இரண்டு குழந்தைகள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அப்படி வாழ்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடன் கழுத்தை நெரித்தபோது 1874இல் மேடைக்குத் திரும்பினார். 1878 டிசம்பர் 30 அன்று லைசியம் அரங்கில், அதை நடத்திய நடிகர் ஹென்றி இர்விங்கின் ஹாம்லெட்டுக்கு ஒபீலியாவாக நடித்ததிலிருந்து இருபது வருடங்களுக்கு மேல் அந்த அரங்கின் நாயகி அவர்தான். 1925இல் ‘டேம்’ பட்டம் கிடைத்தது. 1928 ஜூலை 21 அன்று கென்ட் மாவட்டத்தில் உள்ள ஸ்மால்ஹைத் வீட்டில் காலமானார்.

நடிப்பு அன்றோடு போய்விட்டதே, காகிதத்தில் என்ன மிச்சம் இருக்கும்?

கேள்வி நியாயமானது. 1911இல் அமெரிக்காவில் பதிவான சில ஷேக்ஸ்பியர் வசனங்களின் இசைத்தட்டுகள் இருக்கின்றன. வயதான பிறகு சில மௌனப் படங்களிலும் தலைகாட்டினார். ஆனால் இதெல்லாம் லைசியம் நாட்கள் முடிந்து பல வருடம் கழித்து வந்தவை. 1879இல் ‘மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்’ நாயகி போர்ஷியாவாக அவர் நடித்தது எப்படி இருந்தது என்று கேட்க எந்தக் கருவியும் கிடையாது.

பொருளாக மிஞ்சியதும் குறைவு. 1898 பிப்ரவரியில் லைசியத்தின் காட்சித் திரைகளைப் போட்டுவைத்திருந்த கிடங்கு தீப்பிடித்து, நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களுக்கான திரைகள் ஒரே நாளில் சாம்பலாயின. இர்விங்கின் நிறுவனம் அதிலிருந்து முழுசாக எழுந்திருக்கவே இல்லை. ஆக அந்த மேடையை மனசுக்குள் திரும்பக் கட்டிப் பார்க்க வேண்டுமானால் நிரல்கள், கடிதங்கள், குறிப்பு எழுதிய வசனப் பிரதிகள், விமர்சனங்கள், புகைப்படங்கள், அங்கங்கே தப்பிய சில உடைகள் ஆகியவைதான் வழி.

இவையெல்லாம் எங்கே இருக்கின்றன?

ஒரே இடத்தில் இல்லை. ஒருவர் எழுதும் கடிதம் எழுதியவர் வீட்டில் இருக்காது, வாங்கியவர் வீட்டில்தான் இருக்கும். அதனால் டெரிக்கு வந்த கடிதங்கள் டெரியின் சேகரிப்பில் இருக்கின்றன. அவர் எழுதியவை அவருடைய நண்பர்களின் சேகரிப்புகளோடு சேர்ந்து உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன.

மையமான சேகரிப்பு எலன் டெரி, எடித் கிரெய்க் ஆவணக் காப்பகம். இது ஸ்மால்ஹைத் வீட்டோடு சேர்ந்து பழைய வீடுகளையும் இடங்களையும் பாதுகாக்கும் இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குச் சொந்தம். காகிதங்களில் பெரும்பகுதி பிரிட்டிஷ் நூலகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பேராசிரியர் கேத்தரின் காக்கின் தலைமையில் இதற்கு ஒரு இணையப் பட்டியல் தயாரானது. சுமார் 20,000 ஆவணங்களின் விவரம் அதில் கிடைக்கும். டெரியின் கடிதங்களைத் தொகுத்துப் பல தொகுதிகளாகப் பதிப்பித்தவரும் அவரே.

இர்விங்கின் நிர்வாக மேலாளராக இருந்த பிராம் ஸ்டோக்கருக்கு (ஆமாம், டிராகுலா எழுதியவரேதான்) வந்த கடிதங்களில் ஒரு பகுதி லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் பிரதர்டன் நூலகத்தில் இருக்கிறது. வாஷிங்டனில் ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகத்திலும் டெரியின் கடிதங்கள் உண்டு. மகன் கோர்டன் கிரெய்க் சம்பந்தப்பட்டவை பாரிஸில் பிரான்ஸ் தேசிய நூலகத்திலும் டெக்சாஸில் ஆஸ்டினிலும் இருக்கின்றன.

நிரல்களுக்கு முதலில் போக வேண்டிய இடம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் நாடகப் பிரிவு. கேப்ரியல் என்தோவன் என்ற பெண்மணி தன் வாழ்நாள் சேகரிப்பை 1924இல் அங்கே கொடுத்தார். அந்தப் பிரிவே அதிலிருந்துதான் வளர்ந்தது. லண்டன் நாடகங்களுக்கான கோப்புகளை அரங்கின் பெயர்வாரியாக, அதற்குள் தேதிவாரியாக அடுக்கியிருக்கிறார்கள்.

இத்தனையும் தப்பிப் பிழைத்தது எப்படி?

மகள் எடித் கிரெய்க்கால். எல்லாரும் ஈடி என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா இறந்ததும் ஸ்மால்ஹைத் வீட்டை நினைவில்லமாக மாற்றினார், பக்கத்தில் இருந்த களஞ்சியக் கொட்டகையை நாடக அரங்காக்கி வருடா வருடம் நினைவு நாளில் நாடகம் போட்டார், பிறகு எல்லாவற்றையும் நேஷனல் டிரஸ்ட் கையில் ஒப்படைக்க வழி செய்துவிட்டு 1947இல் காலமானார். கூட இருந்து உழைத்தவர்கள் அவரோடு அதே வளாகத்தில் வாழ்ந்த எழுத்தாளர் கிறிஸ்டோபர் செயின்ட் ஜானும் ஓவியர் கிளேர் அட்வுட்டும். மூவரும் பெண்கள்.

ஈடியை “எலன் டெரியின் மகள்” என்று ஒரு வரியில் முடித்துவிடுபவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. அவர் உடை வடிவமைப்பாளர், இயக்குநர், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். 1911இல் பயனியர் பிளேயர்ஸ் என்ற நாடகச் சங்கத்தை ஆரம்பித்து நடத்தினார். வாக்குரிமைக் கூட்டங்களில் போட்ட நாடகங்களின் நிரல்களும் இந்தக் காப்பகத்தில் இருக்கின்றன. லைசியத்தின் நிரலைத் தேடிப் போனவர்கள் அவற்றையும் ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும்.

கடிதங்களைப் படிக்க முடிகிறதா? கையெழுத்து எப்படி?

பெரிய எழுத்து, வேகமான கை. வார்த்தைகளுக்கு அடியில் ஒரு கோடு, போதாவிட்டால் இரண்டு, இன்னும் போதாவிட்டால் மூன்று. வாக்கியம் முடிகிற இடத்திலெல்லாம் முற்றுப்புள்ளிக்குப் பதில் நீளக் கோடு. படிக்கும்போது பேச்சு கேட்கிறது என்றே சொல்லலாம். அச்சில் வரும்போது அந்த மூன்று கோடும் வெறும் சாய்வெழுத்தாகச் சுருங்கிவிடும். அதனால் அச்சுப் பதிப்பைப் படித்தவர்களும் மூலக் கடிதத்தின் படம் ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும்.

சிக்கல் தேதிதான். “வெள்ளிக்கிழமை” என்று மட்டும் எழுதிவிட்டு விஷயத்துக்குப் போய்விடுவார். எந்த மாதம், எந்த வருடம் என்பதை உறையின் தபால் முத்திரையிலிருந்து எடுக்க வேண்டும். உறை தொலைந்துபோயிருந்தால் நாடக நிரல்தான் கைகொடுக்கும். “நேற்று முதல் நாள், இன்று தொண்டை கட்டிவிட்டது” என்கிற மாதிரி ஒரு வரி வந்தால், எந்த நாடகத்தின் முதல் நாள் வியாழனில் விழுந்தது என்று நிரல்களைப் புரட்டிக் கண்டுபிடிக்கலாம். கடிதத்துக்குத்தான் மதிப்பு, நிரல் வெறும் துண்டுக் காகிதம் என்று நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: நிரல் இல்லாவிட்டால் பாதிக் கடிதங்களை வரிசைப்படுத்தவே முடியாது.

பெர்னார்ட் ஷாவுக்கும் இவருக்கும் காதலா?

எல்லாரும் கேட்கும் கேள்வி. காகிதத்தில் காதல் என்றுதான் சொல்ல வேண்டும்.

1892இல் ஆரம்பித்தது. பாடகியான தோழி ஒருவருக்காக டெரி ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுத, அவர் அதைத் தன் இசை விமர்சகரான ஷாவிடம் தள்ளிவிட்டார். ஷா தயவு தாட்சண்யம் பார்க்காமல் அந்தப் பாட்டைப் பற்றிப் பதில் போட்டார். நடுவில் சில வருடம் சும்மா இருந்து, 1895க்குப் பிறகு சூடு பிடித்தது. லண்டனிலேயே இருந்துகொண்டு, ஒருவரை ஒருவர் சந்திக்காமலே எழுதிக்கொண்டார்கள். ஷா அரங்கில் உட்கார்ந்து அவர் நடிப்பதைப் பார்ப்பார், டெரி திரைச்சீலையின் ஓட்டை வழியே ஷாவைப் பார்ப்பார். நேரில் சந்தித்தது 1900இல்தான்.

காதல் வார்த்தைகளைவிட எனக்குப் பெரிசாகத் தெரிவது 1896 செப்டம்பர் கடிதங்கள். அந்த மாதம் 22ஆம் தேதி லைசியத்தில் ‘சிம்பலின்’ அரங்கேறியது. டெரிக்கு இமோஜன் பாத்திரம். எந்த வரியை எப்படிச் சொல்லலாம், எங்கே வெட்டலாம், தலையில்லாத உடலுக்குப் பக்கத்தில் கண்விழிக்கும் காட்சியை எப்படிக் கையாளலாம் என்று ஷா பக்கம் பக்கமாக எழுதுகிறார். டெரி சிலவற்றை ஏற்கிறார், சிலவற்றை மறுக்கிறார், பயப்படுகிறார், கோபப்படுகிறார். அனுபவமுள்ள ஒரு நடிகை ஒரு பாத்திரத்தைத் தயார் செய்வதை இவ்வளவு கிட்டத்தில் காட்டும் ஆவணம் அந்தக் காலத்திலிருந்து வேறு எத்தனை இருக்கும்? சிம்பலின் நிரலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கடிதங்களைத் தேதி வரிசையில் படியுங்கள்.

அடுத்த வருடம் ஷாவின் ஒரு குறுநாடகத்தை இர்விங் மேடையேற்றாமல் திருப்பிவிட, டெரி இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். அந்தச் சங்கடமும் கடிதங்களில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

மகன் இந்தக் கடிதங்களை வெளியிடக் கூடாது என்றாராமே?

ஆமாம். 1931இல் கிறிஸ்டோபர் செயின்ட் ஜான் பதிப்பில், ஷாவின் முன்னுரையோடு புத்தகம் வந்தது. கோர்டன் கிரெய்க்குக்கு அது பிடிக்கவே இல்லை. அதே வருடம் அம்மாவைப் பற்றித் தானே ஒரு புத்தகம் எழுதினார். ஊர் கொண்டாடும் நடிகை வேறு, தன் அம்மாவான சாதாரணப் பெண் வேறு, அந்த இரண்டாமவரை வெளியே இழுத்திருக்கக் கூடாது என்பது அவர் கட்சி. மகனாக அவர் பட்ட வேதனை புரிகிறது. ஆனால் என் மனசு ஈடி பக்கம்தான். சிறுவயதில் மேடை ஏறி, கடைசி வரை உழைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றிய ஒரு பெண்ணின் அறிவையும் உழைப்பையும் அவர் கைப்படவே படிக்க இன்று நமக்கு முடிகிறது என்றால், அது வெளியிட்டவர்களின் புண்ணியம்.

நாடக நிரலில் அப்படி என்ன இருக்கிறது?

டெரிக்கு முந்தைய தலைமுறையில் நிரல் என்பதே கிடையாது, நாடக நோட்டீஸ்தான். நீளமான மெல்லிய தாள், மட்டமான மை, கையிலும் கையுறையிலும் ஒட்டும். 1860களில் ரிம்மல் என்ற வாசனைத் திரவியக்காரர் சென்ட் தடவிய அழகான நிரல்களை அச்சடித்து அரங்குகளுக்குக் கொடுத்தார். அவருக்கு அது விளம்பரம். அதன் பிறகுதான் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளும் நிரல் பரவியது.

லைசியம் நிரலை எடுத்தால் பாத்திரங்களும் நடிகர்களும், காட்சி வாரியாக இடம், திரை வரைந்தவர்கள் (ஹாஸ் கிரேவன் போன்றவர்களின் பெயர்கள் மரியாதையோடு அச்சாகியிருக்கும்), இசை அமைத்தவர் எல்லாம் கிடைக்கும். 1888 ‘மக்பெத்’துக்கு இசை ஆர்தர் சல்லிவன். பெரிய தயாரிப்புகளுக்குப் படங்களோடு தனியாக நினைவு மலரும் விற்றார்கள்.

ஆனால் அச்சானதை அப்படியே நம்பிவிடக் கூடாது. 1884 ஜூலையில் ‘ட்வெல்ஃப்த் நைட்’ ஓடிக்கொண்டிருந்தபோது டெரியின் கட்டைவிரலில் சீழ் வைத்து, கையைத் தூளியில் கட்டிக்கொண்டே கொஞ்ச நாள் நடித்தார். பிறகு முடியாமல் போய், தங்கை மேரியன் டெரி அவருடைய பாத்திரமான வயோலாவாக நடித்தார். நிரலில் எலன் பெயர் இருந்தாலும் மேடையில் நின்றது மேரியனாக இருக்கலாம். பார்க்க வந்த யாரோ ஒருவர் பெயரை அடித்துப் பென்சிலால் திருத்தியிருந்தால் அந்தப் பென்சில் கோடுதான் சாட்சி. இதனால்தான் அழுக்கில்லாத நிரலைவிடக் கிறுக்கல் உள்ள நிரலை ஆராய்ச்சியாளர்கள் ஆசையாக எடுத்துப் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதை அழித்துச் சுத்தம் செய்யாதீர்கள்.

நிரலில் வருடமே போடவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

கிழமையையும் தேதியையும் பிடித்துக்கொள்ளுங்கள். “மக்பெத், சனிக்கிழமை, டிசம்பர் 29” என்று மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டிசம்பர் 29 சனிக்கிழமையில் விழும் வருடங்கள் 1877, 1883, 1888, 1894, 1900. முதலாவதில் டெரி லைசியத்தில் சேரவே இல்லை. 1883 டிசம்பரில் மொத்தக் குழுவும் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தது. மிஞ்சியது மூன்று. இப்போது நடிகர் பட்டியலைப் பாருங்கள்: மக்டஃப் பாத்திரத்துக்கு நேராக ஜார்ஜ் அலெக்சாண்டர் என்று இருந்தால் அது 1888, ஏனென்றால் 1891 முதல் அவர் செயின்ட் ஜேம்ஸ் அரங்கைத் தனியாக நடத்த ஆரம்பித்துவிட்டார். லைசியத்தில் அந்த மக்பெத் அரங்கேறியதே அன்றுதான், அதாவது உங்கள் கையில் இருப்பது முதல் நாள் நிரல்.

இத்தனை திருமணங்களுக்குப் பிறகும் ஏன் “மிஸ் எலன் டெரி”?

மேடைப் பெயர் அது. சட்டப்படி முதல் கணவர் பெயரால் வாட்ஸ், பிறகு இரண்டாம் கணவர் பெயரால் வார்டெல், 1907க்குப் பிறகு மூன்றாம் கணவர் பெயரால் கேர்ரூ. நிரல்களில் மட்டும் கடைசிவரை மிஸ் எலன் டெரிதான். வெறும் “மிஸ் டெரி” என்றோ வேறு முதலெழுத்தோடோ இருந்தால் கவனம்: கேட், மேரியன், ஃபுளோரன்ஸ் என்று சகோதரிகளும் நடிகைகள். கேட்டின் பேரன்தான் பிற்காலத்தில் புகழ்பெற்ற நடிகர் ஜான் கீல்குட்.

சார்ஜென்ட் வரைந்த அந்தப் பச்சை உடை ஓவியம்?

லேடி மக்பெத்தாக அவர் கிரீடத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கும் ஓவியம் 1889இல் வரைந்தது, டேட் காட்சியகத்தில் இருக்கிறது. நாடகத்தில் அப்படி ஒரு காட்சியே இல்லை; அது ஓவியரின் கற்பனை. உடை நிஜம். ஆலிஸ் கோமின்ஸ் கார் வடிவமைத்து, ஏடா நெட்டில்ஷிப் தைத்தது. பச்சையும் நீலமுமாக மின்னுவது ஆயிரம் வண்டுகளின் இறக்கை ஓடுகள். பல வருடம் கைவேலை செய்து சீராக்கி, 2011இல் ஸ்மால்ஹைத்தில் மறுபடி காட்சிக்கு வைத்தார்கள். லேடி மக்பெத்தை எல்லாரும் ராட்சசியாகப் பார்த்தபோது, டெரி அவளைக் கணவன்மேல் உயிரையே வைத்திருந்த பெண்ணாகப் பார்த்தார். அவருடைய வசனப் பிரதிகளின் ஓரங்களில் அந்த யோசனை குறிப்பு குறிப்பாக வளர்வதைக் காணலாம்.

கடிதங்களை நான் வெளியிடலாமா? காப்புரிமை?

கடிதத் தாள் ஒருவர் சொத்து, அதில் உள்ள எழுத்தின் உரிமை எழுதியவரின் வாரிசுகளுடையது. ஏலத்தில் கடிதம் வாங்கினால் எழுத்தின் உரிமை கூட வராது. டெரி இறந்து 70 வருடம் எப்போதோ தாண்டிவிட்டது. ஆனாலும் பிரிட்டிஷ் சட்டத்தில், 1989 ஆகஸ்ட் வரை வெளிவராமல் இருந்த பழைய கையெழுத்துப் பிரதிகளுக்கு 2039 முடியும்வரை உரிமை நீடிக்கிறது. 1931இல் அச்சான கடிதங்களுக்கு அந்தத் தடை இல்லை. ஷா 1950இல் இறந்ததால் அவருடைய பக்கமும் 2021 தொடக்கத்தில் அங்கே பொதுச் சொத்து ஆகிவிட்டது.

என்னிடம் ஒரு நிரல் இருக்கிறது. என்ன செய்ய?

செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் பண்ணாதீர்கள். துருப்பிடித்த குண்டூசி இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத் தொட்டால் போதும். பருத்திக் கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு இல்லாமல் ஓரம்தான் கிழியும். அமிலமில்லாத காகித உறையில், வெயிலும் ஈரமும் படாத இடத்தில் படுக்கவையுங்கள். உள்ளே கையெழுத்து இருந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அச்சு, மை தாளுக்குள் இறங்கி, அழுத்தம் மாறி மாறித் தெரிந்தால் பேனாவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நேரில் போக வசதியில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில் டெரி 1908இல் எழுதிய சுயசரிதை; இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அங்கங்கே கடிதங்களும் நாட்குறிப்புகளும் உள்ளே உண்டு. அப்புறம் டெரி, கிரெய்க் காப்பகத்தின் இணையப் பட்டியலில் ஒரு நாடகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தேடுங்கள். பெயரை மட்டும் போட்டால் வெள்ளமாக வந்து கொட்டும். அது பட்டியல்தான், ஒவ்வொரு கடிதத்தின் படமும் அதில் வராது. தேவையான ஆவணத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு அதை வைத்திருக்கும் நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். எண், தேதி, யாருக்கு எழுதியது என்ற மூன்றையும் சொன்னால் பதில் சீக்கிரம் வரும்.